ஆறாம் மிதவை

மிதவைகள் களைப்படையவில்லை. செவ்வந்தி முதலில் கவனித்தது அதைத்தான்.

கடலோரத்து உப்பு ஏரியில் அங்கங்கே நட்ட கம்புகளில் ஏழு மஞ்சள் மிதவைகளைக் கட்டி விட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சோலார் தகடு, வயிற்றில் ஒரு பேட்டரி, அடியில் தண்ணீரின் சூட்டையும் உப்பையும் பார்க்கும் ஒரு குச்சி. வெயில் காலத்தில் நீர்க்காகங்கள் வந்து உட்கார்ந்து தகட்டின் மேல் எச்சமிட்டு வெள்ளையடித்துவிடும். காற்றில் வரும் உப்பும் சேர்ந்து படியும். படகில் போய் ஈரத்துணியால் அடிக்கடி துடைத்துவிடாவிட்டால் சார்ஜ் இறங்கிக்கொண்டே வரும். அந்த வேலையைச் செய்துவந்தவன் அவள் கணவன் முத்துராஜ். மாசியில் அவன் ஏரியோடு போனான். இப்போது வைகாசி. ஒரு தகட்டையும் யாரும் துடைக்கவில்லை. கரையிலிருந்தே பார்க்கலாம், மிதவைகள் சுண்ணாம்பு பூசிய சட்டிகளைப்போல ஆடிக்கொண்டிருந்தன.

ஆனால் செல்போனில் அத்தனையும் முழு சார்ஜில் இருந்தன.

மிதவைகள் சொல்வதை வாங்கிக்கொள்ளும் பெட்டி லைட்ஹவுஸ் குப்பத்தில் அவள் வீட்டு மொட்டை மாடியில்தான் இருந்தது. சாயங்காலத்தில் ஒருமுறை செல்போனைத் திறந்து பார்த்து, எதற்காவது சார்ஜ் குறைந்திருந்தால் மிதவைகளை வைத்துவிட்டுப் போன, சென்னையில் இருக்கும் வித்யாவுக்குச் சொல்ல வேண்டும். அவளுக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

முதன்முதலாக வந்தபோது வலை பின்னும் கொட்டகையில் எல்லோரையும் உட்காரவைத்து வித்யா விளக்கியிருந்தாள். சின்னப் பெண், கண்ணாடி போட்டவள், பேச்சில் அவசரமில்லாதவள். "இதுங்களுக்குப் பேசறதுலதான் சார்ஜ் செலவு. அதனால பெரும்பாலும் தூங்கும். நடுநடுவுல முழிச்சுப் பார்க்கும். தண்ணி மாறியிருந்தா சொல்லும். மாறலைன்னா சொல்லாது. அது சும்மா இருந்தா, கடைசியா சொன்னதே இன்னும் உண்மைன்னு எடுத்துக்கணும்."

"எல்லாம் ஒண்ணா கரைக்குக் கத்துமா?" என்று கேட்டான் முத்துராஜின் தம்பி வேலு.

"இல்லை. ஒரு முறைக்கு ஒண்ணு தலைமை. மத்ததெல்லாம் பக்கத்துல இருக்கிற அதுகிட்ட மெதுவா சொல்லிட்டுத் தூங்கிடும். அது ஒண்ணு மட்டும் எல்லாத்தையும் சேர்த்து வாங்கிக் கரைக்குச் சொல்லும். களைச்சுப்போகும் இல்லையா, அதனால அடுத்த முறை யார்கிட்ட சார்ஜ் அதிகமோ அவங்க."

"நம்ம பாடு மாதிரின்னு சொல்லு" என்றான் வேலு. கொட்டகை சிரித்தது. ஏரியில் வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, இன்றைக்கு இன்னார் வீடு, நாளைக்கு இன்னார் வீடு என்று முறை வைத்துக்கொள்வதைத்தான் அங்கே பாடு என்பார்கள்.

முத்துராஜ் அதிகம் பேசாதவன். அன்றைக்கு மட்டும், "மாறலன்னா வாயே தொறக்காதா? அப்போ அது நம்ம ஆளுதான்" என்றான். செவ்வந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடலிலிருந்தோ ஏரியிலிருந்தோ வந்தால் அவன் கதவைத் தட்டமாட்டான், கூப்பிடமாட்டான். லுங்கியில் தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் நிற்பான். சேற்று வாசனை உள்ளே வந்து சொல்லும். அவளாக எழுந்துபோய்க் கதவைத் திறப்பாள்.

அவன் போன அன்று, ஆறாம் மிதவையின் கயிறு அறுந்திருக்கிறது என்று அண்ணனும் தம்பியுமாகப் படகில் போனார்கள். அவர்கள் வீட்டுப் பாடு இருக்கும் இடத்துக் கம்பில்தான் ஆறாவது கட்டியிருந்தது. திரும்பி வந்தவன் வேலு மட்டும். அண்ணன் தண்ணீரில் இறங்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான், நான் படகைக் கோலால் ஊன்றத் திரும்பினேன், மறுபடி பார்த்தால் ஆளையும் காணோம், மிதவையையும் காணோம் என்றான். ஊரே வலை போட்டுத் துழாவியது. ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த இடத்தில் தண்ணீர் மார்பளவுதான்.

அந்த மார்பளவை அவளுக்கு மறக்கவிடாமல் ஊர் பார்த்துக்கொண்டது. மீன் காயப்போடும் இடத்தில் சாமுண்டீஸ்வரி, காரப்பொடி மீனைப் புரட்டிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொல்வாள். "எங்க ஊட்டுக்காரன்னா சரக்குல முழுகினான்னு சொல்லலாம். முத்துராஜ் டீகூட சர்க்கரை கம்மியா குடிக்கிற ஆளு. மார்பளவு தண்ணியில இன்னாத்த முழுகறது?"

"வாய மூடிகினு வேலையப் பாரு" என்பாள் செவ்வந்தி.

"நான் இன்னா சொன்னேன். கூடப் போனவனைக் கேளுன்னு சொல்றேன்."

உடல் கிடைக்காமல் போனவனுக்குக் கருமாதி செய்யும்வரை அவன் பாடு அவன் பெயரில்தான் இருக்கும். அவன் முறை வரும் நாளில் அந்த இடத்தில் வேறு யாரும் வலை கட்டமாட்டார்கள். கம்புகள் வெறுமனே நிற்கும். கருமாதிக்கு அவள் சம்மதித்தால் பாடு வேலுவுக்குப் போய்விடும். வேலு ஒருமுறைகூட வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காததே அவளுக்கு உறுத்தியது. அவள் புருஷனுக்கு என்ன ஆனது என்று தெரியாமல், அதைத் தெரிந்தவனாக இருக்கக்கூடிய ஒருவன் கையில் அவன் இடத்தைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஆறாம் மிதவை விஷயத்திலும் அப்படித்தான். "முறைப் பட்டியல்லேர்ந்து அதை எடுத்துடட்டுமா அக்கா?" என்று வித்யா கேட்டிருந்தாள். கருமாதி ஆகாமல் எடுக்கக் கூடாது மேடம், அதுவும் அவர் பாட்டுலதான் இருந்தது, இருக்கட்டும் என்றாள் செவ்வந்தி. வித்யா மறுபேச்சு பேசாமல் விட்டுவிட்டாள். அதனால் செல்போனில் ஆறாவது வரி மட்டும் மங்கலாக, அவன் போன அன்றைய சூட்டோடும் உப்போடும் அப்படியே நின்றது. சும்மா இருந்தால் கடைசியாகச் சொன்னதே உண்மை. மங்கலான அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் பங்குனி முழுக்க அவள் படுத்தாள், பிறகு அதைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

இப்போது அந்த வரி மங்கலாக இல்லை.

எப்போது நிறம் திரும்பியது என்று அவளுக்குத் தெரியவில்லை. மற்ற வரிகளின் சார்ஜையே பார்த்துக்கொண்டிருந்தவள் அதைத் தாமதமாகத்தான் பார்த்தாள். பார்த்ததும் உடனே வித்யாவைக் கூப்பிட்டாள்.

வித்யா தன் கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அதான் மத்ததுங்க களைக்கலை" என்றாள். "எல்லா முறையும் ஆறாவதே எடுத்துக்குது அக்கா. ஒவ்வொரு தடவையும் அதுக்குத்தான் சார்ஜ் அதிகம்னு வருது. இத்தனை சுமந்தும் குறையவே இல்லை. யாராவது கண்டெடுத்து வீட்டுல வெச்சு சார்ஜ் போடறாங்களா?"

செவ்வந்தியின் மனதில் ஒரே ஒரு வீடுதான் வந்தது.

மறுநாள் வேலு கடலுக்குப் போயிருந்தான். நடுப்பகல். தெருவில் நாய்கூட இல்லை. அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓலைச் சாய்ப்புக்குள் குனிந்து நுழைந்தாள். உள்ளே பழைய வலைகளின் பாசி வாடையும், டீசல் வாடையும், காய்ந்த இறால் வாடையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கனத்துக்கிடந்தன. ஓலை இடுக்கில் விழுந்த வெயில் புள்ளிகள் வலைக்குவியலின்மேல் காசு காசாகக் கிடந்தன. மடிமடியாக எடுத்து வைத்தாள். அடி வலைக்குக் கீழே, சாக்கில் சுற்றி, அது இருந்தது. மிதவை இல்லை. மிதவையின் தலை. மஞ்சள் மூடியோடு பிய்ந்து வந்த சோலார் தகடு, அதன் மேல் கறுப்பு மையில் எழுதிய ஆறு.

சாயங்காலம் அவன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது, தகட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

வேலு வலையை இறக்கவில்லை. "அண்ணி" என்றான்.

"மிதவையையும் காணோம்னு சொன்னே."

"இது மட்டும் கையோட வந்திச்சி. அண்ணன் முழுகினப்போ மிதவைதான் மேல தெரிஞ்சிது. அதைப் பிடிச்சி இழுத்தேன். அந்தப் பக்கத்துல இருந்தும் இழுத்திச்சி. மூடி பிச்சிக்கினு வந்திடிச்சி. அவ்ளோதான்."

"அந்தப் பக்கத்துல யாரு இழுத்தது?"

"யாரு இழுத்தான்னு நான் இன்னான்னு சொல்றது? சொன்னா ஊர்ல நம்புவாங்களா? நீங்களே நம்பல." வலையை மெதுவாக இறக்கினான். "அண்ணி, ஒண்ணு சொல்லுங்க. தகடு என்கிட்ட கீது. அப்போ மீதி எதுல ஓடுது?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. அவனே வைத்திருக்கிறான், அவனே வீட்டுக் கரண்டில் சார்ஜ் போடுகிறான் என்பதுதான் அந்தப் பதில். இவ்வளவு சொல்கிறவன் இன்னும் எவ்வளவு மறைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து செல்போனைத் திறந்தபோதுதான் ஆறாவது வரியின் மற்ற எண்களைப் பார்த்தாள். சூடு, முப்பத்தேழு. உப்பு, ஒன்பது. வைகாசியில் ஏரித் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பாக இருக்கும். மற்ற ஆறும் உப்பு முப்பதுக்கு மேல் காட்டின. அவள் மறுபடி வித்யாவைக் கூப்பிட்டாள்.

"குச்சி கெட்டுப்போயிருக்கும் அக்கா. முப்பத்தேழு, ஒன்பது..." வித்யா தயங்கினாள். "ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் பாட்டில் பக்கத்துல ஏத்துவாங்களே, சலைன். அதுல உப்பு லிட்டருக்கு ஒன்பது கிராம்தான் இருக்கும்."

"அதுல எதுக்கு அவ்ளோ?"

"உடம்புக்குள்ள அவ்வளவுதானே இருக்கு." கம்ப்யூட்டரை மறுபடி தட்டினாள். "கெட்டுப்போன குச்சிதான் அக்கா. வேற என்ன. ஆனா இன்னொண்ணு இருக்கு. அந்தக் குரல் அளவைப் பாருங்க. கடைசிக் கட்டம்."

அந்தக் கட்டத்தை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. கத்தினால் சார்ஜ் போகும் என்பதால், கரைப் பெட்டிக்குக் கேட்கும் அளவுக்கு மேல் ஒரு மிதவையும் சத்தம் போடாது. தூரத்தில் இருந்தால் பத்து. கிட்டே வரவர ஒன்பது, எட்டு. கம்பில் கட்டிய மிதவைக்கு அது மாறவே மாறாது. ஆறாவதின் எதிரே எட்டு என்றிருந்தது, கம்பில் கட்டியிருந்தபோது இருந்த அதே எட்டு.

"ஒண்ணுன்னு வந்தா?"

"உங்க கூரைக்கு அடியில இருக்குன்னு அர்த்தம்." வித்யா சிரிக்க முயன்றாள். "அப்படி எல்லாம் வராது."

அன்றிரவு அவள் அடுப்படிச் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். எந்தச் சட்டியில், எந்தக் குடத்தில் வெந்நீரும் உப்பும் கலந்து அந்தக் குச்சியை வேலு ஊறவைத்திருப்பான் என்று யோசித்தாள். ஏன் ஊறவைக்க வேண்டும் என்பதற்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை. கிடைக்காதபோது மறுபடி முதலிலிருந்து யோசித்தாள்.

முத்துராஜின் முறை வந்தது. ஏரியில் அவன் கம்புகள் வெறுமனே நிற்கிற நாள். வேலுவின் வீட்டு முன்னால் போய் நின்றாள்.

"நீ எடுக்கலன்னா அது அங்கதானே இருக்கணும். போய் எடுத்துகினு வா. என் கண்ணு முன்னால வை. நாளைக்கே கருமாதிக்குச் சொல்லிடறேன். பாடு உனுக்கு."

"பாடு யாருக்கு வேணும் அண்ணி" என்றான். பிறகு கோலை எடுத்துக்கொண்டான். "கதவைச் சாத்தி வைங்க. வானம் கறுத்துக்கினு வருது."

மழை வரவில்லை. வருகிற மாதிரி மட்டும் வந்து, ஏரிக்கு மேலே சாம்பல் நிறமாகத் தொங்கிக்கொண்டு நின்றது. காற்று செத்துப்போயிருந்தது. கிழக்கே கடலின் இரைச்சல்கூடத் துணி போட்டு மூடியதுபோலக் கேட்டது. பொழுது சாய்வதற்குள் கரண்ட் போனது. மகள் வைஷ்ணவி பொன்னேரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், வீட்டில் வேறு யாரும் இல்லை. செவ்வந்தி கதவைத் தாழ் போட்டு, அகல் விளக்கைச் சுவரோரம் வைத்து, செல்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாடியில் இருந்த பெட்டிக்குத் தனி பேட்டரி. அது விழித்துத்தான் இருந்தது.

ஏதாவது ஒரு மிதவை பேசினால் செல்போன் பல்லி மாதிரி ஒரு சத்தம் போடும். சத்தம் வந்தது. ஆறாவது. குரல், ஏழு.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. எடுத்துவிட்டான். படகில் வருகிறான். அப்படியென்றால் அது அங்கேதான் இருந்திருக்கிறது, அவன் சொன்னது பொய்யில்லை. அடுத்த மூச்சிலேயே சந்தேகம் வந்தது. இல்லை, ஏதோ புதருக்குள் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து வருகிறான்.

மறுபடி சத்தம். ஆறு.

சூடு முப்பத்தேழு. உப்பு ஒன்பது. படகில் காற்றுப்படக் கிடந்தால் உப்பு எப்படி ஒன்பது காட்டும்? வாளியில் போட்டு எடுத்து வருகிறான். எந்தத் தண்ணீர் பிடித்த வாளி?

ஐந்து.

அவள் எழுந்து ஜன்னலருகே போனாள். ஏரிப்பக்கம் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. படகு எதுவும் தெரியவில்லை. ஒரு மோட்டார் சத்தமோ கோல் சத்தமோ இல்லை. கரையில் கட்டிப்போட்டிருந்த பைபர் படகுகள் ஒன்றோடு ஒன்று உரசவில்லை. நாய்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டில் சாமுண்டீஸ்வரி யாரையோ வைவது கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

நான்கு.

ஜன்னலைச் சாத்தினாள். அப்போதுதான் செல்போன் அடித்தது. பல்லிச் சத்தம் அல்ல, அழைப்பு. வேலு.

"அண்ணி, இங்க இல்ல."

அவன் குரலுக்குப் பின்னால் தண்ணீர் தளும்பியது.

"எங்க இருக்கே நீ?"

"கம்பாண்டதான். தண்ணியில நின்னுகினு பேசறேன். மார்பு வரைக்கும்தான் வருது. மிதவை இல்ல. கால்ல தடவிப் பாத்தேன். அடியில ஒரு பள்ளம் கீது. ஒரு ஆள் இடுப்பு வரைக்கும் இறங்கி நிக்கிற அளவு." மூச்சு வாங்கினான். "காலியா கீது அண்ணி. சேறு இன்னும் மூடல. இப்பதான் கால உருவிக்கினு போன மாதிரி கீது."

"தண்ணி சில்லுன்னு இருக்கு. அந்தப் பள்ளத்துல மட்டும் சூடா கீது." பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டான். "அது எங்கன்னு காட்டுது, அண்ணி?"

செல்போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

இரண்டு.

"அண்ணி?"

அவளால் சொல்ல முடியவில்லை. அவன் புரிந்துகொண்டான் போலிருந்தது.

"தொறக்காதீங்க" என்றான். "நான் வரேன். யாரு வந்தாலும் தொறக்காதீங்க. நான் வந்தா கூப்பிடுவேன். கத்திக் கூப்பிடுவேன். கூப்பிடாம நின்னா..."

லைன் போய்விட்டது.

பல்லிச் சத்தம்.

ஒன்று.

கூரையின் அடியில் யாரும் இல்லை. அவளும் விளக்கும்தான். விளக்கின் சுடர் ஆடாமல் நின்றது. கதவு சாத்தியிருந்தது. தாழ் போட்டிருந்தது. அவள் கண்ணால் பார்த்தாள். தாழ் போட்டுத்தான் இருந்தது.

சேற்று வாசனை வந்தது.

தெரிந்த வாசனை. எத்தனையோ வருஷமாக அவளை எழுப்பிய வாசனை. அவள் கால்கள் தாமாகக் கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டன. நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

தட்டவில்லை. கூப்பிடவில்லை.

செல்போன் மறுபடி சத்தம் போடட்டும் என்று காத்திருந்தாள். மூன்று என்று வரட்டும். நான்கு என்று வரட்டும். போய்விட்டது என்று சொல்லட்டும். செல்போன் பேசவில்லை.

பேசவில்லை என்றால் மாறவில்லை.

காத்திருந்தாள். விளக்கில் எண்ணெய் தாழ்ந்தது. வேலு கூப்பிடவில்லை. ஏரிப்பக்கம் எந்தக் குரலும் இல்லை. செல்போன் பேசவில்லை.

கதவுக்கு அடியில் ஏதோ மினுங்கியது.

தண்ணீர். மழை பெய்யவில்லை. ஏரி இவ்வளவு தூரம் ஏறி வந்ததே இல்லை. கதவிடுக்கில் ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே வந்து நின்றிருந்தது. அவள் குனிந்தாள். விரல் நுனியை வைத்தாள்.

காய்ச்சல் இல்லாத நெற்றியின் சூடு.

விரலை நாக்கில் வைத்தாள். ஏரியின் உப்பு இல்லை. கண்ணீரின் உப்பு.

தண்ணீர் மெதுவாகக் கதவுக்கு அடியில் பின்வாங்கியது. தரை தெரிந்தது. பிறகு மறுபடி உள்ளே வந்தது, அதே அளவுக்கு. பின்வாங்கியது. உள்ளே வந்தது. அவசரமில்லாமல், கதவுக்கு அந்தப் பக்கம் பொறுமையாக நின்று யாரோ மூச்சு விடுவதுபோல.